'கொன் மேன்': நம்பிக்கையின் பெயரால் ஓர் ஏமாற்று

கடந்த தவணையில் பதினோராம் தர மாணவன் ஒருவன் பத்திரிகைத் துண்டொன்றோடு வந்தான். "சேர், 'கொன் மேன்' எண்டா ஏமாத்துக்காரன்தானே? அந்தக் 'கொன்' எங்க இருந்து வந்த?" என்று கேட்டான். நான் தமிழ் படிப்பிப்பவன். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. 'கொன்விக்ட்' என்பதன் குறுக்கம், சிறைக்குப் போனவன் என்று பொருள் எனச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

அன்றிரவு தேடிப் பார்த்தபோதுதான் என் பிழை விளங்கியது. கைதியையும் ஆங்கிலப் பேச்சுவழக்கில் 'கொன்' என்பார்கள். ஆனால் இது வேறு 'கொன்'. 'கொன்ஃபிடன்ஸ் மேன்' என்ற தொடர் தேய்ந்து 'கொன் மேன்' ஆயிற்று. 'கொன்ஃபிடன்ஸ்' என்றால் நம்பிக்கை. ஏமாற்றுக்காரனுக்கு 'நம்பிக்கை மனிதன்' என்று பெயர் வந்தது எப்படி?

1849ஆம் ஆண்டு நியூயோர்க் நகரில் வில்லியம் தொம்சன் என்று ஒருவன் இருந்தான். கனவானைப் போல உடுத்திக்கொண்டு, வீதியில் போகும் வசதியான ஒருவரிடம் முன்பே அறிமுகமானவன் போலப் பேச்சுக் கொடுப்பான். சற்று நேரம் பேசிய பின், என்மேல் நம்பிக்கை வைத்து உங்கள் கடிகாரத்தை நாளை வரை தருவீர்களா என்று கேட்பான். சிலர் மறுக்கக் கூச்சப்பட்டுக் கொடுத்தார்கள். கடிகாரமும் திரும்பவில்லை, ஆளும் திரும்பவில்லை. 110 டொலர் பெறுமதியான தங்கக் கடிகாரத்தை இழந்த தோமஸ் மெக்டொனல்ட் என்பவர், சில வாரங்களின் பின் அவனைத் தற்செயலாக வீதியில் கண்டு பொலிஸாரிடம் பிடித்துக் கொடுத்தார். 'நியூயோர்க் ஹெரல்ட்' பத்திரிகை அவனைக் 'கொன்ஃபிடன்ஸ் மேன்' என்று எழுத, அந்தப் பெயர் நாடெங்கும் பரவியது.

அதே பத்திரிகை சில நாட்களில் இன்னொன்றும் எழுதியது. சில்லறைக் கடிகாரம் எடுத்தவன் சிறையில் இருக்கிறான். அதே நம்பிக்கையைச் சொல்லிப் பெருந்தொகை சுருட்டிய வோல் ஸ்ட்ரீட் காரர்கள் மாளிகையில் இருக்கிறார்கள் என்ற கிண்டல் அது. 1857இல் ஹெர்மன் மெல்வில் இந்தப் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு நாவல் வெளியிட்டார். மிசிசிப்பி ஆற்றில் போகும் நீராவிக் கப்பலில், ஏப்ரல் முதலாந் திகதி நடக்கும் கதை அது.

நம்மிடமும் 'பேய்க்காட்டுதல்', 'சுத்துமாத்து' என்றெல்லாம் சொற்கள் உண்டு. அவை ஏமாற்றுகிறவனின் தந்திரத்தைச் சொல்கின்றன. 'நம்ப வைத்துக் கழுத்தறுத்தல்' என்பதுதான் இந்த ஆங்கிலச் சொல்லுக்கு மிக நெருங்கியது. இங்கே பூட்டு உடைபடுவதில்லை. பொருளை நாமே எடுத்துக் கையில் கொடுக்கிறோம். நமது பாஷையில் சொன்னால், அவன் அமானிதம் கேட்டு வருகிறான்.

என் வாப்பாவிடமும் ஒருவர் அப்படித்தான் வந்தார். சலாம் சொல்லி, எங்கள் மூத்தவாப்பாவின் பெயரையும் சொல்லி, காக்காவை வெளிநாட்டுக்கு அனுப்புவதாகக் காசு வாங்கிப் போனார். உம்மாவின் காப்பை அடகு வைத்த காசு. எழுதி வாங்கச் சொன்ன உம்மாவிடம், "மனிசன நம்பாம எழுத்துக் கேக்கிறதா?" என்றார் வாப்பா. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி ஏவுவது குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பது அவருக்குத் தெரியாததல்ல. கேட்பதற்கு வெட்கம், அவ்வளவுதான். காசு போன பிறகும் அந்த வெட்கம் போகவில்லை. ஊர் சிரிக்கும் என்று யாரிடமும் முறையிடாமலே இருந்துவிட்டார். அந்த ஆள் அடுத்த ஊருக்குப் போய் இன்னொரு வீட்டுக் கதவைத் தட்டியிருப்பார்.

தொம்சன் அகப்பட்டது மெக்டொனல்ட் வெட்கப்படாததால்தான். ஏமாந்தவர் வாய் திறக்காதவரை இந்தத் தொழிலுக்கு நட்டம் இல்லை.

மறுநாள் வகுப்பில் என் பிழையைச் சொன்னேன். அந்த மாணவன் கொப்பியைத் திறந்து, "சேர் சொன்னதெண்டு நம்பிப் பேனையால எழுதிட்டனே" என்றான். வெட்டிவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதச் சொன்னேன். இனி நான் சொன்னாலும் அகராதியை ஒருமுறை பார்த்துக்கொள் என்றும் சொன்னேன்.