கரிசல் விளைவிக்கும் முத்து

தூத்துக்குடி என்றதும் துறைமுகமும் முத்துக்குளிப்பும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். கடலில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஆனால் விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி வட்டாரங்களின் கரிசல் மண்ணில் இன்றும் ஒரு முத்து விளைகிறது. அதுதான் மானாவாரிச் சோளம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். தாவரவியல் வகுப்பில் கற்றதைக் கொண்டு, எங்களுக்குச் சோறிட்ட பயிரைப் பற்றி எழுத விழைகிறேன்.

நம் மாவட்டத்தில் ஆண்டு மழை ஏறத்தாழ 650 மில்லிமீட்டர்தான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். பின்னர் கரிசல் தேக்கிவைத்த ஈரமே பயிருக்குக் கதி. இந்நிலையில் சோளம் எவ்வாறு தாக்குப்பிடிக்கிறது?

முதலாவது, அதன் வேர். சல்லி வேர்த்தொகுதி ஆழமாகவும் அடர்த்தியாகவும் பரவி அடிமண்ணின் ஈரத்தை உறிஞ்சுகிறது. இரண்டாவது, இலை. இலையின் மீதும் தண்டின் மீதும் படிந்த வெண்ணிற மெழுகுப் பூச்சு நீராவிப்போக்கைக் குறைக்கிறது. வெயில் கடுமையானால் இலையின் மேல்தோலிலுள்ள சிறப்புச் செல்கள் நீரிழந்து சுருங்க, இலை சுருண்டுகொள்கிறது. மூன்றாவதே வியப்புக்குரியது. பூப்பதற்கு முன் வறட்சி வந்தால் சோளம் வளர்ச்சியை நிறுத்திக் காத்திருக்கும். மழை பெய்ததும் மீண்டும் வளரும். இதனால்தான் இதனைப் பயிர்களுள் ஒட்டகம் என்பர்.

1901இல் தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், மானாவாரிக்கெனவே கே-8, கே-11, கே-12 முதலிய சோள இரகங்களைத் தந்துள்ளது. இவற்றுள் கே-8 ஏறத்தாழ 85 நாளில் அறுவடைக்கு வரும். மண் ஈரம் வற்றுமுன் கதிர் முற்றிவிடுவதும் வறட்சியை வெல்லும் வழியே அன்றோ?

விதையையும் வறட்சிக்குப் பழக்கலாம். 2 சதவீதப் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் 6 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, புரட்டாசியில் மழைக்கு முன்பே புழுதியில் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் விதைக்க வேண்டும். சிறு தூறலுக்கு ஏமாந்து முளைக்காமல், நல்ல மழை இறங்கிய பிறகே விதை முளைக்கும்.

குறையும் உண்டு. வாடிய இளஞ்சோளப் பயிரில் ஹைட்ரோசயனிக் அமிலம் உண்டாகும். அதைத் தின்ற மாடு இறக்கவும் கூடும். "பூக்காத சோளத்தில் மாட்டை விடாதே" என்று எங்கள் ஐயா சொல்வதன் வேதியியலை நான் கல்லூரியில்தான் அறிந்தேன். பூக்கும் பருவத்தில் மழை பொய்த்தால் சோளத்திலும் விளைச்சல் குறையும்.

இன்று எங்கள் பக்கம் மக்காச்சோளமே மிகுதி. கோழித்தீவனத்துக்கு விலைபோவதால் உழவரைக் குறைகூற இயலாது. ஆனால் பூக்கும் வேளையில் ஈரம் தவறினால் மக்காச்சோளக் கதிரில் மணி பிடிக்காது. 2018இல் இந்தியாவில் காணப்பட்ட படைப்புழுவும் அதைப் பெரிதும் தாக்குகிறது. மழை தவறிய ஓர் ஆண்டில் எங்கள் மக்காச்சோளம் கடனையே மிச்சம் வைத்தது. ஓரமாய் விதைத்த அரைக் குறுக்கம் சோளம் வீட்டுக்குக் கொஞ்சம் தானியமும், மாடுகளுக்குக் கோடைவரை தட்டையும் தந்தது. மாடுகளை விற்காமல் தப்பினோம்.

ஆகவே நண்பர்களே, மக்காச்சோளத்தை அடியோடு விடச் சொல்லவில்லை. நிலத்தில் ஒரு பங்கேனும் சோளத்துக்கு ஒதுக்கும்படி விடுமுறைக்கு ஊர் செல்லும்போது உங்கள் வீட்டாரிடம் சொல்லுங்கள். நாம் கற்ற கல்வி நம் புஞ்சைக்கும் பயன்படட்டும்!

— இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்