நான்கு மில்லிமீட்டர்த் தோல்

தோல் நம் கண்முன்னே விரிந்து கிடக்கும் உறுப்பு. அதனாலேயே அதன் நோய்களைப் பார்த்த அளவில் சொல்லிவிடலாம் என்னும் எண்ணம் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. தோலைத் தாக்கும் நோய்களோ எண்ணற்றவை. அவற்றை வெளிக்காட்டத் தோலுக்கு வாய்த்த வழிகள் மிகச் சில. சிவக்கும், தடிக்கும், செதில் உதிர்க்கும், கொப்புளிக்கும், நிறம் மாறும். கரப்பான், காளாஞ்சகப்படை, தோலில் தோன்றும் நிணநீரணுப் புற்று ஆகிய மூன்றுமே தொடக்கத்தில் ஒரே செந்நிறத் திட்டாய்த் தெரியக்கூடும். உள்ளே நடப்பது வேறு. கரப்பானில் மேற்றோல் உயிரணுக்களுக்கிடையே நீர் கோத்து நிற்கும். காளாஞ்சகப்படையில் மேற்றோல் தடித்து, அதன் முளைகள் நீண்டு கீழிறங்கும். புற்றில் நிணநீரணுக்கள் மேற்றோலுக்குள் ஏறியிருக்கும். அதுவும் முதல் ஆய்வில் பிடிபடாமல், மறுபடியும் தோலெடுக்க நேர்வதுண்டு.

இந்த உள்நிலையைக் கண்டறியத்தான் தோல் திசு ஆய்வு. இதற்குரிய வட்டக்கத்தியை நியூயார்க்கு மருத்துவர் எட்வர்டு கீய்சு 1887-இல் விவரித்து எழுதினார். இன்றும் வடிவம் பெரிதாக மாறவில்லை. மரத்துப்போகும் ஊசி போட்டபின், பெரும்பாலும் 4 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள அந்தக் கத்தியைத் திருகி இறக்கினால், மேற்றோல், அகத்தோல், அடிக்கொழுப்பு மூன்றும் சேர்ந்த சிறு உருளை கிடைக்கும். அதை இடுக்கியால் நசுக்காமல் ஊசி முனையால் தூக்க வேண்டும். நசுங்கிய உயிரணுவை எந்த நுண்ணோக்கியாலும் படிக்க இயலாது. ஓரிரு தையல், முகமானால் ஒரு வாரத்திற்குள், கை கால்களானால் இரண்டு வாரத்திற்குள் பிரித்துவிடலாம். எடுத்த துண்டு பார்மலினில் பதமாகி, மெழுகில் பொதியப்பட்டு, ஒரு மில்லிமீட்டரில் இருநூற்றில் ஒரு பங்கு தடிமனுக்குச் சீவப்படும். உயிரணுக் கருக்களுக்கு நீலமேற்றும் சாயம் நடு அமெரிக்கக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் வைரத்திலிருந்து கிடைப்பது. இத்தனை நுட்பத்துக்கும் நடுவில் ஒரு மரத்தின் கொடை இருப்பது எனக்கு என்றும் வியப்பு.

எனினும், ஆய்வின் பாதி வெற்றி கத்தி படும் இடத்திலேயே உறுதியாகிவிடுகிறது என்பேன். பெம்பிகசு என்னும் கொப்புள நோயை எடுத்துக்கொள்வோம். உடலின் எதிர்ப்பொருள்களே மேற்றோல் உயிரணுக்களைப் பிணைக்கும் புரதங்களைத் தாக்குவதால் தோல் உரிந்து கொப்புளிக்கிறது. எதிர்ப்பொருளின் பங்கை 1964-இல் பாய்ட்னர், சார்டன் ஆகியோர் ஒளிர்சாயத்தால் மெய்ப்பித்தனர். இந்நோய்க்கு இரு துண்டுகள் வேண்டும். ஒன்று புதுக்கொப்புளத்தின் விளிம்பிலிருந்து, அது பார்மலினுக்கு. மற்றொன்று கொப்புளத்தை அடுத்து நலமாய்த் தெரியும் தோலிலிருந்து. அதன்மேல் ஒளிர்சாயம் ஏற்றினால், உயிரணுக்களைச் சுற்றி எதிர்ப்பொருள் படிந்த கோடுகள் மீன்வலைபோல் ஒளிரும். இரண்டாம் துண்டையும் மறதியாய்ப் பார்மலினில் இட்டால் அந்த ஒளி கிடைக்காது. நோயாளி மீண்டும் ஊசியும் கத்தியும் தாங்க வேண்டும். குருதிக்குழல் அழற்சியிலோ காலமும் சேர்ந்துகொள்கிறது: தோன்றி ஒன்றிரண்டு நாளே ஆன புள்ளியைத்தான் எடுக்க வேண்டும்.

நம் மண்ணோடு நெருங்கிய சான்று தொழுநோய். வேலூரை அடுத்த கரிகிரியிலும் செங்கற்பட்டிலும் 1955 முதல் இந்நோய்க்கென்றே ஆய்வு நிலையங்கள் உழைத்துவருகின்றன. தொழுநோய்க் கோலுயிரியை 1873-இல் நார்வேயில் ஆன்சன் கண்டார். ஆனால் அதைச் செயற்கை ஊட்டத்தில் வளர்க்க இன்றுவரை ஒருவராலும் இயலவில்லை. ஆகவே வளர்த்துக் காட்டும் சோதனைக்கு இங்கே வழியில்லை. திசுவைத்தான் கேட்க வேண்டும். உணர்விழந்த திட்டு, தடித்த நரம்பு, கீறல் தடவுச் சோதனை ஆகியவை தெளிவாக இருந்தால் தோலெடுக்கத் தேவையே இல்லை. தேமலா, தொழுநோயா என ஐயம் எழும்போதுதான் அது கைகொடுக்கிறது. திட்டின் உயிர்ப்புள்ள ஓரத்தில், கொழுப்புவரை ஆழமாக எடுக்க வேண்டும். மேலோட்டமாய்ச் சீவினால் நரம்பு அகப்படாது. அழற்சி அணுத்திரள்கள் நரம்பிழையைச் சூழ்ந்து அரிப்பதே இந்நோயின் கையொப்பம். உடலின் எதிர்ப்பாற்றல் வலுத்தவரிடம் திரள்கள் இறுகியிருக்கும், நுண்ணுயிர் காண்பதரிது. எதிர்ப்பாற்றல் குன்றியவரிடம் நுரைத்த விழுங்கணுக்களுக்குள் கோலுயிரிகள் கொத்துக் கொத்தாய் அடைந்திருக்கும். இவ்விரு முனைகளுக்கிடைப்பட்ட நிலைகளையும் சேர்த்து ரிட்லியும் சாப்லிங்கும் 1966-இல் ஐந்து வகைகளாக நிரல்படுத்தினர். இக்கோலுயிரி சாயத்தை எளிதில் இழந்துவிடும் இயல்பினது. அதைக் காக்க, மெழுகு நீக்கும் கட்டத்தில் நிலக்கடலை எண்ணெய் கலப்பதும் ஒரு முறை.

கருநிறமிப் புற்றில் கேள்வியே வேறு: எவ்வளவு ஆழம்? அதன் தடிமனே நோயின் போக்கை முன்னுரைக்கிறது என 1970-இல் பிரெசுலோ காட்டினார். எனவே ஐயத்துக்குரிய கரும்புள்ளியை, இடம் கொடுத்தால், மெல்லிய விளிம்போடு முழுமையாய் எடுப்பதே முறை. நம்மவர்க்கு இது உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வரக்கூடும். ஆறாப் புண் என்றோ ஆணி என்றோ மாதக்கணக்கில் மருந்து தடவிக் காலம் கடத்துவது நெஞ்சை வருத்தும் செயல்.

தோலெடுத்து அனுப்பினாலே புற்றுநோய்தான் என்று அஞ்சுவோர் பலர். அது தவறு. அழற்சி, தொற்று, கொப்புள நோய் ஆகியவற்றைப் பிரித்தறியவும் இவ்வாய்வு நாள்தோறும் நடக்கிறது. அதேபோல், கண்ணாடித் தகடு தானாகவே எல்லாம் சொல்லிவிடும் என்பதும் தவறு. புண் எத்தனை நாளாய் உள்ளது, எங்கெங்கு பரவியது, என்ன களிம்பு தடவினார், மருத்துவரின் ஐயம் எது என்பவற்றை அனுப்பும் தாளில் எழுத வேண்டும். ஊக்கமருந்து (இசுட்டீராய்டு) களிம்பு அழற்சியின் தடயங்களையே மாற்றிவிடும். ஆகவே தோலெடுக்கப் போகிறவர், கடையில் தாமே வாங்கித் தடவிய களிம்பின் பெயரையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.