பிள்ளைகளின் பங்கு யார் கையில்?

பிள்ளைகளுக்காகச் சேமிக்காத பெற்றோர் நம் நாட்டில் அரிது. பெண் குழந்தை பிறந்த சில மாதங்களிலேயே செல்வமகள் சேமிப்புக் கணக்கைத் தொடங்குகிறோம். பொது வருங்கால வைப்பு நிதியில் ஆண்டுதோறும் பணம் செலுத்துகிறோம். கல்விக்கென்று தனியே காப்பீடும் எடுக்கிறோம். எவ்வளவு சேர்க்க வேண்டும் என்ற கணக்கில் நாம் குறை வைப்பதில்லை. பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும்போதே நமக்கு ஏதேனும் நேர்ந்தால் அந்தப் பணமும் வீடும் யாருக்குச் சேரும், யார் கையெழுத்திட்டு அவற்றைப் பயன்படுத்த முடியும் என்ற கேள்வியை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறோம்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, எட்டு வயது மகள், நான்கு வயது மகன், உடன் வசிக்கும் கணவனின் தாய். கணவர் தம் சம்பாத்தியத்தில், தம் பெயரில் 80 லட்ச ரூபாய் மதிப்புள்ள அடுக்குமாடி வீடு ஒன்றை வாங்கியிருக்கிறார். உயில் எழுதவில்லை. தமக்குப் பின் எல்லாம் மனைவிக்குத்தான், அவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார் என்பது அவருடைய எண்ணம். பெரும்பாலோரின் எண்ணமும் அதுவே.

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்படிக் கூறவில்லை. உயில் எழுதாமல் இறக்கும் ஆணின் மனைவி, மகன், மகள், தாய் ஆகிய அனைவரும் முதல் வகுப்பு வாரிசுகள்; ஆளுக்கொரு சமபங்கு. ஆகவே அந்த வீட்டில் மனைவிக்கு உரியது 20 லட்சம் மதிப்புள்ள பங்கு மட்டுமே. மாமியாருக்கும் அதே அளவு. மீதிப் பாதி வீடு இரண்டு மைனர் பிள்ளைகளுக்கு உரியது.

கணவரை இழந்த அந்தப் பெண் வீட்டை விற்றுவிட்டுத் தம் பெற்றோர் வாழும் ஊருக்குச் சென்றுவிட விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பிள்ளைகளின் தாய்; இயற்கைக் காப்பாளரும் அவரே. ஆயினும் மைனரின் அசையாச் சொத்துப் பங்கை நீதிமன்றத்தின் முன் அனுமதியின்றி இயற்கைக் காப்பாளர் விற்கக் கூடாது என்கிறது 1956ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8ஆம் பிரிவு. விற்பது அவசியம் என்றோ பிள்ளைகளுக்குத் தெளிவான நன்மை தரும் என்றோ அவர் நீதிமன்றத்துக்குக் காட்ட வேண்டும். அனுமதி பெறாமல் விற்றால், 18 வயது நிறைந்தபின் மூன்று ஆண்டுகளுக்குள் பிள்ளைகள் அந்த விற்பனையை ரத்து செய்யக் கோரலாம். விவரமறிந்த எவரும் நீதிமன்ற ஆணையின்றி அத்தகைய வீட்டை வாங்கத் துணிவதில்லை. வாங்குபவருக்குக் கடன் தரும் வங்கியும் அந்த ஆணையைக் கேட்கும். மைனரின் சொத்தை உறவினர் விழுங்கிவிடாமல் காப்பதற்கென்றே இயற்றப்பட்ட விதி இது. அதில் குறை காண்பதற்கில்லை. எனினும் அன்புள்ள தாயையும் அதே விதி அலைய வைக்கிறது. வீடு மனைவிக்கு, தாய்க்கு ஆயுள் உள்ளவரை அதில் வாழும் உரிமை என்று கணவர் ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருந்தால், பிள்ளைகளின் பங்கு என்ற காரணத்துக்காக நீதிமன்றம் செல்லும் நிலை வந்திராது.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். அதன்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. இஸ்லாமியர், ஏனைய வாரிசுகளின் இசைவின்றி, தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத இயலாது. அவரவர்க்குரிய சட்டத்தை வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுத் தெளிவது நல்லது.

"நாமினி போட்டிருக்கிறோமே" என்பது கிளைகளில் நாம் அடிக்கடி கேட்கும் பதில். நாமினி என்பவர் பணத்தை வங்கியிடமிருந்து பெற்றுக்கொள்ளும் உரிமை உடையவர். அவர் பெறுவது வாரிசுகளின் சார்பில்தான். பங்குகளுக்கும் இதே நிலைதான் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒரு வேறுபாடு உண்டு: பெற்றோரையோ வாழ்க்கைத் துணையையோ பிள்ளைகளையோ நாமினியாகக் குறித்திருந்தால், தொகையின் பயன் அவர்களையே சேரும்.

2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாகக் குறிக்கலாம். ஆளுக்கு இத்தனை விழுக்காடு என்றோ, ஒருவருக்குப் பின் மற்றவர் என்றோ எழுதலாம். லாக்கருக்கு ஒருவருக்குப் பின் ஒருவர் என்ற முறை மட்டுமே உண்டு. மைனர் பிள்ளையை நாமினியாகக் குறிப்போர், அவர் சார்பில் தொகையைப் பெறும் பெரியவர் ஒருவரின் பெயரையும் தவறாமல் எழுத வேண்டும். திருமணத்துக்கு முன் தந்தையின் பெயரை எழுதி, அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆன பின்னும் மாற்றாமல் விட்ட கணக்குகள் எத்தனையோ!

காப்பாளர் என்றால் தந்தைதான் என்று வங்கிகளும் ஒரு காலத்தில் கொண்டிருந்தன. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தம் மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் பத்திரங்களுக்கு விண்ணப்பித்தபோது, தந்தையின் கையெழுத்து கோரப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தந்தை உயிருடன் இருந்தாலும், அவர் பொறுப்பேற்காத நிலையில் தாயே இயற்கைக் காப்பாளராகச் செயல்படலாம் என்று 1999இல் தீர்ப்பு வந்தது. இருவருமே இல்லாது போனால்? பெரியப்பாவோ சித்தியோ தாமாகச் சட்டப்படியான காப்பாளர் ஆகிவிடுவதில்லை; நீதிமன்றம் ஒருவரை நியமிக்க வேண்டும். அதற்கு முன்பே நம் விருப்பத்தை உயிலில் எழுதி வைக்கச் சட்டம் இடம் தருகிறது. கணவனும் மனைவியும் தனித்தனியே உயில் எழுதி, ஒரே காப்பாளரின் பெயரைக் குறிப்பிடுவது சிறந்தது. பிள்ளையை வளர்க்கும் பாசம் ஒருவரிடமும் பணத்தை நிர்வகிக்கும் திறமை வேறொருவரிடமும் இருக்கலாம். காப்பாளராக ஒருவரையும் உயிலை நிறைவேற்றுபவராக மற்றவரையும் குறிப்பதில் தவறில்லை. ஆனால் முன்கூட்டியே இருவரின் சம்மதத்தையும் பெற்றுவிடுங்கள்.

உயில் எழுதுவதை அபசகுனமாகக் கருதுவோர் இன்றும் உளர். செலவும் அலைச்சலும் மிகுதி என்று அஞ்சுவோரும் உளர். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். எழுதுபவர் கையெழுத்திட வேண்டும். இரண்டு சாட்சிகள் சான்றொப்பமிட வேண்டும். சொத்தில் பங்கு பெறுபவர் சாட்சியாக இராமல் பார்த்துக்கொள்வது நன்று. பதிவு கட்டாயமில்லை என்றாலும், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த உயிலை ஐயுறுவது கடினம்.

பெருந்தொகை விட்டுச் செல்வோர் இன்னொன்றையும் எண்ண வேண்டும். 18 வயது நிறைந்த அன்றே மொத்தப் பணத்தையும் கேட்டுப் பெறும் உரிமை பிள்ளைக்கு வந்துவிடுகிறது. 50 லட்சத்தை ஆளும் பக்குவம் அந்த வயதில் எத்தனை பேருக்கு உண்டு? படிப்புச் செலவு அவ்வப்போது, மீதி 25 வயதில் என்று உயிலின் வழியே ஒரு டிரஸ்டை ஏற்படுத்தலாம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு இது இன்றியமையாதது. அப்பிள்ளைகளுக்கு 18 வயதுக்குப் பின்னும், 1999ஆம் ஆண்டின் தேசிய டிரஸ்ட் சட்டப்படி, மாவட்ட அளவிலான குழுவின் வழியே காப்பாளரை நியமிக்கலாம்.

வணிகம் செய்வோர் 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். கணவர் தம் ஆயுள் காப்பீட்டை அச்சட்டத்தின்கீழ் மனைவி, பிள்ளைகளின் பயனுக்கென எடுத்தால், கடன்காரர்களை ஏமாற்றும் நோக்கம் இல்லாதவரை, அவர்கள் அத்தொகையில் கைவைக்க இயலாது. இதைப் பாலிசி எடுக்கும்போதே தெரிவித்துவிட வேண்டும்.

இத்தனையும் செய்த பின், கணக்குகள், பாலிசிகள், கடன்கள், லாக்கர் சாவி இருக்கும் இடம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, வாழ்க்கைத் துணையிடமும் நம்பிக்கைக்குரிய இன்னொருவரிடமும் சொல்லி வையுங்கள். கடவுச்சொற்களை அதில் எழுத வேண்டாம். பத்து ஆண்டுகள் எவரும் கோராத வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்குச் சென்றுவிடும். அங்கிருந்தும் வாரிசுகள் கோரிப் பெறலாம். அத்தகைய தொகையைத் தேடுவதற்கென 2023இல் உத்கம் என்ற இணையதளமும் தொடங்கப்பட்டுள்ளது. உங்கள் பெற்றோரின் பெயரையும் அதில் ஒருமுறை தேடிப் பாருங்கள்.