சிவகாமி பிடிவாதக்காரியா?



போன வாரம் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி, "சரித்திர நாவல்களில் வரும் பெண்களிலேயே எனக்குப் பிடிக்காதவள் சிவகாமிதான். மாமல்லர் தேடி வந்து அழைத்தபோது பேசாமல் கிளம்பியிருந்தால் ஒரு யுத்தமே மிச்சம். அவள் பிடிவாதத்தால் தானும் கெட்டாள், ஓர் ஊரையும் கெடுத்தாள்" என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எனக்கு அடுப்படியில் கை ஓடவில்லை. குழம்பில் உப்புப் போட்டோமா இல்லையா என்று இரண்டு தடவை ருசி பார்த்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

கல்கியின் 'சிவகாமியின் சபதம்' எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் படிக்கப்படுகிற புத்தகம். அதைப் பற்றி எங்கள் வீட்டுப் பெண்கள் போட்ட சண்டைகளை எழுதினாலே ஒரு தொடர்கதை தேறும். 1999-ல் கல்கியின் எழுத்துக்கள் நாட்டுடைமை ஆன பிறகு மலிவுப் பதிப்புகள் நிறைய வந்துவிட்டன. எங்களிடம் இருப்பதோ பத்திரிகையிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்து, கோந்து ஒட்டி, பழைய புடவைத் துணியில் அட்டை போட்ட பிரதி. என் மாமியார் வழியாக வந்தது. நகைப்பெட்டியைக் கூட அவ்வளவு பத்திரமாக யாரும் வைத்ததில்லை.

இந்தக் கதை 'கல்கி'யில் 1944-ல் தொடங்கி 1946 வரை வந்தது. அந்த வருஷங்களை நாம் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். இரண்டாம் உலக யுத்தம் உச்சத்தில் இருந்த காலம். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்டதும் சென்னைப் பட்டணமே காலியானது. என் மாமியாருக்கு அப்போது பன்னிரண்டு வயது. பித்தளைப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு மயிலாப்பூரிலிருந்து கும்பகோணம் பக்கத்தில் தாத்தா வீட்டுக்கு ஓடி வந்த குடும்பம் அவர்களுடையது. பர்மா அரிசி நின்றுபோய், ரேஷன் வந்து, மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலத்தில்தான் காஞ்சி முற்றுகையை வாரம் ஒரு அத்தியாயமாகப் படித்திருக்கிறார்கள். கோட்டைக்குள்ளே தானியம் எத்தனை நாளைக்கு வரும் என்று கதையில் கவலைப்பட்டால், படிக்கிறவளுக்கும் தன் வீட்டுக் குதிரில் எத்தனை மரக்கால் மிச்சம் என்ற ஞாபகம் வந்திருக்காதா?

மாமியாரின் பெரியம்மா ஒருவர் அந்த வீட்டில் இருந்தாராம். அவர் கணவர் ரங்கூனில் ஒரு கடையில் கணக்கெழுதியவர். 1942-ல் ரங்கூனை விட்டு ஆயிரக்கணக்கான நம் ஜனங்கள் காட்டு வழியாக நடந்தே இந்தியாவுக்கு வந்தார்களே, அந்தக் கூட்டத்தில் அவர் கிளம்பினார் என்பதுவரை தகவல் உண்டு. அதற்கப்புறம் ஒரு கார்டும் வரவில்லை. பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பத்திரிகை வந்ததும் பதினான்கு வயதுப் பெண்ணான என் மாமியார்தான் திண்ணையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவாராம்.

மாமல்லர் மாறுவேடத்தில் வாதாபிக்கே வந்து சிவகாமியை அழைக்கிறார் அல்லவா? "சபதம் நிறைவேறாமல் வரமாட்டேன்" என்று அவள் மறுக்கிற கட்டம். அதைக் கேட்டதும் பெரியம்மா எழுந்து உள்ளே போய்விட்டாராம். "தேடிண்டு வந்து வாசல்ல நிக்கறான். போக மாட்டேங்கறாளே, பாவி!" என்று இரண்டு நாள் யாரோடும் பேசவில்லையாம். தன்னைத் தேடிக்கொண்டு ஒருவர் வருகிற அந்தக் காட்சிக்காக வருஷக்கணக்காய் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். அவரிடம் போய் சிவகாமியின் தன்மானத்தைப் பற்றி யார் பேச முடியும்?

ஆகவே, சகோதரி கோபப்பட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்தக் கோபத்துக்கு எண்பது வயசு ஆகிறது. ஆனால் "பிடிவாதம்" என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாரே, அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

சிவகாமி எப்போது சபதம் செய்தாள்? புலிகேசி அவளை ஆடச் சொல்கிறான், மறுக்கிறாள். உடனே தமிழ்நாட்டிலிருந்து பிடித்துப்போன ஜனங்களை வாதாபியின் நாற்சந்தியில் நிறுத்திச் சாட்டையால் அடிக்கச் சொல்கிறான். நீ ஆடினால் அடி நிற்கும், ஆடாவிட்டால் தொடரும். காஞ்சியில் மகேந்திர சக்கரவர்த்தியின் சபையில் ஆடிய பெண், அந்த அடியை நிறுத்துவதற்காக நடுத்தெருவில் ஆடுகிறாள். கலை என்று அப்பா ஆயனர் தெய்வமாகக் கற்றுக்கொடுத்ததைக் கொண்டே அவளை அவமானப்படுத்துகிறான் அந்த ராஜா. நம் வீட்டுப் பெண் ஒருத்தி மேல் கை வைக்காமலே அவளை நொறுக்க வேண்டுமென்றால் இதைவிட வேறு வழி உண்டா?

அப்படிப்பட்டவளிடம், ராத்திரியோடு ராத்திரியாக வந்து, "வா, நாம் இரண்டு பேரும் போய்விடலாம்" என்றால்? அந்தச் சாட்டையடி பட்டவர்கள் அங்கேயேதானே இருக்கிறார்கள்! அவள் கிளம்பிப் போன மறுநாள் காலை புலிகேசி அவர்களை என்ன செய்வான்? கல்கி இதை இப்படிப் பச்சையாக எழுதவில்லை, சபதம் என்றும் மானம் என்றும்தான் எழுதுகிறார். ஆனாலும் என் மாமியார் இந்த ஒரு விஷயத்தில் கடைசிவரை உறுதியாக இருந்தார். "அவ காதலுக்காக மறுக்கல, ரோஷத்துக்காகவும் மறுக்கல. கூட வந்தவாளை விட்டுட்டு எப்படிப் போறது? பட்டணத்திலிருந்து ஓடி வந்தபோது எங்க வீட்டு வேலைக்காரப் பாட்டியை விட்டுட்டு வந்தோம். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கல" என்பார். அதற்குமேல் அந்தப் பேச்சு நீளாது.

என் மகள் கல்லூரியில் சரித்திரம் படித்தவள். அவள் வேறு திசையிலிருந்து வந்து சண்டை போட்டாள். "அம்மா, நீங்க எல்லாரும் சிவகாமி, சிவகாமின்னு அழறீங்க. அவ கற்பனைப் பாத்திரம். ஆனா வாதாபி எரிஞ்சது நிஜம். அந்த ஊர்ப் பொம்பளைங்களுக்கு யார் அழுதா?"

எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னதில் பொய் இல்லை. சிவகாமியும் ஆயனரும் கல்கியின் கற்பனை. புலிகேசி காஞ்சியின் மதில்வரை வந்தது நிஜம். 634-ல் பொறித்த ஐஹொளே கல்வெட்டு அதைப் பெருமையாகச் சொல்கிறது. 642-ல் நரசிம்மவர்மர் வாதாபியைப் பிடித்ததும் நிஜம். 'வாதாபி கொண்ட' என்ற பட்டம் அதனால் வந்ததுதான்.

பெரிய புராணத்தில் சிறுத்தொண்டராக வரும் பரஞ்சோதி, வாதாபியிலிருந்து மணிகளும் நிதியும் யானையும் குதிரையும் கொண்டு வந்தார் என்று சேக்கிழார் பாடியிருக்கிறார். (பிள்ளையாரைக் கொண்டு வந்ததாக நாம் சொல்வது செவிவழிக் கதை. அந்தப் பட்டியலில் பிள்ளையார் இல்லை.) அதே சேனாபதியின் மனைவி திருவெண்காட்டு நங்கைதான், பிறகு பெற்ற பிள்ளையையே கறி சமைத்துப் போட வேண்டி வந்தவள். பக்திக் கதை என்று கைகூப்பிவிட்டுப் போய்விடுகிறோம். அந்த அம்மாளின் பக்கத்திலிருந்து ஒரு நாவல் எழுத யாருக்கும் தோன்றவில்லையா என்று எனக்கு எப்போதும் ஓர் ஆதங்கம் உண்டு.

மகள் அத்தோடு விடவில்லை. ஹொட்டூர் என்ற ஊரில் 1007-ஆம் வருஷத்துக் கன்னடக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது என்று சொன்னாள். சாளுக்கிய ராஜா சத்தியாசிரயன் காலத்தது. சோழர் படை வந்து நாட்டைச் சூறையாடி, பெண்களையும் குழந்தைகளையும் பிராமணர்களையும் கொன்று, பெண்களைப் பிடித்துக்கொண்டது என்று அதில் எழுதியிருக்கிறதாம். நம் ராஜராஜ சோழன் காலம்! பொன்னியின் செல்வன்! எதிரி எழுதியது, கூட்டித்தான் எழுதியிருப்பான் என்று நான் வாதாடினேன். "சரி, அப்ப நம்ம ஆளே எழுதினதைக் கேளு" என்றாள். தாம்பரத்துக்குப் பக்கத்தில் மணிமங்கலம் கோயிலில் இருக்கிற ராஜாதிராஜ சோழனின் கல்வெட்டு, இலங்கை அரசன் ஒருவனின் தமக்கையையும் மனைவியையும் பிடித்து, அவன் தாயின் மூக்கை அறுத்ததை வெற்றிகளில் ஒன்றாகச் சொல்லிக்கொள்கிறது. கலிங்கத்துப்பரணியில், தோற்ற ராஜாக்களின் பெண்கள் சோழனின் வேளத்துக்கு வந்து சேர்ந்ததைப் புலவர் ரசித்துப் பாடுகிறார். வடுகும் தமிழும் கலந்து குழறிப் பேசுகிற கருநாட்டுப் பெண்களின் மழலையைக் கேட்டு அவருக்கு மயக்கமாம்! வாதாபித் தெருவில் நின்ற சிவகாமி கன்னடத்தில் இரண்டு வார்த்தை குழறியிருந்தால் அங்கேயும் ஒரு புலவர் இப்படித்தானே பாடியிருப்பார்?

இதையெல்லாம் கேட்ட பிறகு எனக்குப் புத்தகத்தின் மேல் இருந்த பிரியம் குறையவில்லை. ஆனால் நான்காம் பாகத்தில் வாதாபி எரிகிற பக்கங்களை முன்னைப்போல வேகமாகப் புரட்ட முடியவில்லை. என் பெண் வயதில் அதைப் படித்தபோது "எரியட்டும், நன்றாக எரியட்டும்" என்று கை தட்டாத குறைதான். பாகத்துக்கே 'சிதைந்த கனவு' என்று பெயர் வைத்திருக்கிறார் கல்கி என்பதும், ஜெயித்துக் கொடுத்த பரஞ்சோதி வாளைக் கீழே வைத்துவிட்டுச் சிவத்தொண்டுக்குப் போகிறார் என்பதும் இப்போதுதான் மனதில் தங்குகிறது. யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் எழுதியவர் வெற்றியை இப்படி முடித்திருக்கிறாரே!

சில வருஷங்களுக்கு முன் பஸ் டூரில் பாதாமி போயிருந்தோம். அதுதான் பழைய வாதாபி. சிவப்புப் பாறை மலைகள் இரண்டு, நடுவில் அகஸ்திய தீர்த்தம் என்ற பெரிய ஏரி. படிக்கட்டில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். நரசிம்மவர்மரின் வெற்றியைச் சொல்லும் கல்வெட்டு அங்கே ஒரு பாறையில் சிதைந்துபோய் இருக்கிறது. அதைவிட என்னை நிறுத்தி வைத்தது பக்கத்திலிருக்கும் பட்டடக்கல்தான். நூறு வருஷம் கழித்து இரண்டாம் விக்கிரமாதித்தன் திரும்பி வந்து காஞ்சியைப் பிடித்தான். கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைத் தொடாமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்ததாக அந்தக் கோயிலிலேயே கன்னடத்தில் வெட்டி வைத்திருக்கிறான். அந்த வெற்றிக்காக அவன் ராணி லோகமகாதேவி கட்டிய கோயில் பட்டடக்கல்லில் இருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் நம் காஞ்சி கைலாசநாதர் கோயிலின் சாயல்! காஞ்சியின் தோல்விக்காக ஒரு பெண் கட்டிய கோயிலில் நின்று, இது நம்ம ஊர்க் கோயில் மாதிரியே இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். கூட வந்த பக்கத்து வீட்டம்மா, "கோயில் கட்டினவளுக்குப் பேர் இருக்கு, தெருவில அடிபட்டவளுக்கு இல்ல, ரெண்டு ஊர்லயும்" என்றார். அவர் கதைப்புத்தகமே தொடாதவர்.

இந்த மாதிரிக் கதைகள் நமக்கு எதற்கு என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். என் நாத்தனார் அந்தக் கட்சி. "யுத்தத்தில் பொம்பளைங்க படற கஷ்டத்தை டீவியில தினம் காட்டறான், கதையில வேறயா?" என்பார். எனக்கென்னவோ டீவியில் பார்ப்பதை நாம் சாதம் பிசைந்துகொண்டே பார்த்துவிடுகிறோம். ஒன்பது வருஷம் ஒரு வீட்டுக்குள் காத்திருந்த சிவகாமியை அப்படிப் பார்க்க முடியாது. பக்கம் பக்கமாக அவளோடு சேர்ந்து நாமும் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

முடிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சபதம் நிறைவேறி ஊர் திரும்பிய சிவகாமி, மாமல்லர் கல்யாணம் செய்துகொண்டு பிள்ளைகுட்டியோடு வாழ்வதைப் பார்க்கிறாள். ஏகாம்பரநாதரையே நாயகனாக வரித்துக்கொள்கிறாள். மாமியார் தலைமுறை இதற்குக் கண்ணீர் விட்டுக் கைகூப்பியது. என் வயதுக்காரர்களுக்கு மாமல்லர் மேல்தான் ஆத்திரம். ராஜ்யத்துக்கு வாரிசு வேண்டும் என்ற சமாதானமெல்லாம் எங்களிடம் செல்லவில்லை. என் மகளோ, "அவ திரும்ப ஆடினாளே, அது போதும். நாற்சந்தியில ஆடின காலால சொந்த இஷ்டத்துக்கு ஆடினா இல்ல?" என்கிறாள். இந்தக் கோணம் எனக்குத் தோன்றியதே இல்லை. பெரியம்மா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! அவர் 1960 வாக்கில் காலமாகும்வரை நெற்றியில் குங்குமத்தோடுதான் இருந்தார் என்று மாமியார் சொல்லியிருக்கிறார். யாரும் அவரிடம் போய் அதை அழிக்கச் சொல்லத் துணியவில்லையாம்.

போன வாரம் எழுதிய சகோதரிக்கு ஒரு வேண்டுகோள். மதிய வேலை முடிந்து வீடு அமைதியாக இருக்கும் நேரத்தில் மூன்றாம் பாகத்தை மறுபடி எடுங்கள். அந்த நாற்சந்தி வருகிற இடத்தை மட்டும், சிவகாமியை விட்டுவிட்டு, சுற்றிலும் கை கட்டப்பட்டு நிற்கிறவர்களைப் பார்த்துக்கொண்டே படியுங்கள். அதன் பிறகும் அவள் பிடிவாதக்காரி என்று தோன்றினால் எழுதுங்கள். நான் இன்னொரு கடிதம் எழுதத் தயாராக இருக்கிறேன்.

— ஒரு வாசகி, கும்பகோணம்.