புத்தக விளிம்பில் ஒரு படிக்கட்டு

தடித்த ஆங்கில அகராதி ஒன்றைக் கையில் எடுங்கள். அதைத் திறக்காமல், தாள்களின் விளிம்பை மட்டும் பாருங்கள். சில அகராதிகளில் அங்கே அரைவட்ட வடிவில் சிறு குழிகள் வெட்டப்பட்டிருக்கும். வேறு சிலவற்றில் கறுப்புக் கட்டங்கள் மேலிருந்து கீழாகப் படிக்கட்டுபோல் இறங்கி வரும். ஒவ்வொரு கட்டமும் ஓர் எழுத்துக்கு உரியது. அதன்மேல் கட்டைவிரலை வைத்துப் பிரித்தால், நாம் தேடும் எழுத்து உள்ள பகுதி திறந்துகொள்கிறது. இவற்றை நாம் விரல் குறிகள் என்று அழைப்போம்.

பொருளடக்கம் இருக்கும்போது இவை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். விமானி அறையில் உள்ள அவசரக் கையேட்டை எண்ணிப் பாருங்கள். இயந்திரத்தில் தீப்பற்றிவிட்டது என்று எச்சரிக்கை மணி ஒலிக்கும்போது, பொருளடக்கத்தில் விரலை ஓட்டிப் பக்க எண்ணைத் தேட நேரம் ஏது? உரிய பகுதி சில நொடிகளில் கிடைத்தாக வேண்டும். அத்தகைய கையேடுகளில் விளிம்புக் குறிகள் உண்டு. அங்கே குறி இல்லாததைவிடத் தவறான குறி ஆபத்தானது. ஏனெனில், படிப்பவர் அதை நம்பிப் பிரிக்கிறார்.

அப்படியானால், முந்நூறு பக்கங்களிலும் குறிகள் தவறாமல் அமைய என்ன செய்ய வேண்டும்? அச்சுக்குப் பக்கம் அமைக்கும் கணிப்பொறி மென்பொருள்கள் இவ்வேலையை எவ்வாறு செய்கின்றன என்று பார்ப்போம்.

விளிம்பில் மை எப்படித் தெரிகிறது?

தாளின் ஓரத்தில் ஒரு கட்டம் அச்சிட்டால், மூடிய புத்தகத்தின் பக்கவாட்டில் அது தெரியுமா? மை விளிம்பின் நுனிவரை சென்றால் தெரியும். ஒரு மில்லிமீட்டர் முன்னதாக நின்றுவிட்டால் தெரியாது. சுமார் 0.1 மி.மீ. தடிமன் உள்ள தாள்களில் 15 தாள்கள் சேர்ந்தால், அதாவது 30 பக்க அத்தியாயம் ஒன்றில், 1.5 மி.மீ. அகலமுள்ள கோடாகக் குறி தென்படும்.

ஆனால் அச்சகத்தில் தாள்களை அடுக்கி ஓரம் வெட்டும்போது கத்தி இம்மியும் பிசகாமல் ஒரே இடத்தில் இறங்குவதில்லை. சற்று விலகி இறங்கினால் கட்டத்துக்கு வெளியே மெல்லிய வெள்ளைக் கோடு நின்றுவிடும். எனவே கட்டத்தை வெட்டும் எல்லைக்கு அப்பால் சுமார் 3 மி.மீ. வரை நீட்டி அச்சிட்டு, பிறகு வெட்டுகிறார்கள். அச்சுத் தொழிலில் இதற்கு 'ப்ளீட்' என்று பெயர். அளவில் பிழை வரும் என்று தெரிந்து, அதற்கு முன்கூட்டியே இடம் விடும் முறை இது.

கையால் வைத்தால் என்ன ஆகும்?

1985ஆம் ஆண்டில் ஆல்டஸ் நிறுவனம் பேஜ்மேக்கர் என்ற மென்பொருளை வெளியிட்டது. மேசைமேல் உள்ள கணிப்பொறியிலேயே புத்தகப் பக்கங்களை அமைக்கும் வழக்கம் அதன்பின் பரவியது. 1999இல் அடோபி நிறுவனத்தின் இன்டிசைன் வந்தது. இத்தகைய மென்பொருள்களில் 'மாஸ்டர் பக்கம்' என்றொரு வசதி உண்டு. அதில் ஒருமுறை வரைந்தது, அதைச் சார்ந்த எல்லாப் பக்கங்களிலும் தானே தோன்றும். அத்தியாயத்துக்கு ஒரு மாஸ்டர் பக்கம் அமைத்து, ஒவ்வொன்றிலும் குறியைச் சற்றுக் கீழே இறக்கி வைத்தால் வேலை முடிந்தது.

முடிந்ததா? நூலாசிரியர் மூன்றாம் அத்தியாயத்துக்குப் பின் புதிய அத்தியாயம் ஒன்றைச் சேர்த்துவிட்டால்? பழைய நான்கு, ஐந்தாகிறது, ஐந்து, ஆறாகிறது. குறிகள் அனைத்தையும் இடம் மாற்ற வேண்டும். அவசரத்தில் ஒன்றை மறந்துவிட்டால் யார் கண்டுபிடிப்பார்கள்? பெரும்பாலும் புத்தகத்தை வாங்கியவர்தாம்!

இடத்தைச் சொல்லாமல் விதியைச் சொல்வோம்

ஒவ்வொரு குறியின் இடத்தையும் தனித்தனியே சொல்வதற்குப் பதிலாக, இடத்தைக் கண்டுபிடிக்கும் விதியை மட்டும் கணிப்பொறிக்குச் சொல்லலாம் அல்லவா? பக்கத்தின் உயரம் 240 மி.மீ. என்க. மேலும் கீழும் 20 மி.மீ. விட்டால் மீதி 200 மி.மீ. அத்தியாயங்கள் பத்து என்றால் ஒவ்வொரு குறிக்கும் 20 மி.மீ. கிடைக்கும். அத்தியாய எண் 'அ' என்றும், பக்கத்தின் மேல்விளிம்பிலிருந்து குறி தொடங்கும் தொலைவு 'உ' என்றும் கொண்டால்,

உ = 20 + (அ − 1) × 20

நான்காம் அத்தியாயத்துக்கு உ = 20 + 3 × 20 = 80 மி.மீ. இப்போது அத்தியாயங்கள் பன்னிரண்டாகிவிட்டன என்போம். 200ஐ 12 ஆல் வகுத்தால் சுமார் 16.67. நான்காம் அத்தியாயத்தின் குறி 70 மி.மீ.இல் தொடங்கும். நாம் மாற்றியது ஒரே ஓர் எண். மற்றவை தாமே இடம் மாறிக்கொண்டன.

கிடைமட்ட இடத்துக்கும் விதி தேவை. ஒற்றைப்படை எண்ணுள்ள பக்கங்கள் வலப்புறம் வருவதால் அவற்றின் வெளிவிளிம்பு வலப்பக்கம். இரட்டைப்படைப் பக்கங்களுக்கு இடப்பக்கம். பக்க எண்ணை 2 ஆல் வகுத்து மீதியைப் பார்த்தால், எந்தப் பக்கம் என்பது கணிப்பொறிக்குத் தெரிந்துவிடும்.

டொனால்டு கனூத் உருவாக்கிய டெக் என்னும் அச்சுக்கோப்பு முறையையும், அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் அமைத்த லேடெக்கையும் பயன்படுத்துவோர், இந்த விதியை ஆவணத்தின் தொடக்கத்திலேயே எழுதிவிடலாம். பக்கம் ஒவ்வொன்றும் உருவாகும்போது விதி தானே செயல்படும். இன்டிசைனில் இதையே சிறு ஜாவாஸ்கிரிப்ட் நிரலாக எழுதி இயக்கலாம். அத்தியாயங்கள் மாறினால் மறுபடி இயக்க வேண்டும்.

முப்பது அத்தியாயங்கள் இருந்தால்?

ஒவ்வொன்றுக்கும் ஏழு மி.மீ.கூடக் கிடைக்காது, கட்டைவிரல் வைக்க அது போதாது. இங்கே கடிகாரம் நமக்கு வழிகாட்டுகிறது. பன்னிரண்டு மணிக்குப் பிறகு முள் மீண்டும் ஒன்றுக்கு வருகிறது. அதுபோல, பத்தாம் குறிக்குப் பிறகு பதினொன்றாம் குறியை மீண்டும் உச்சியில் தொடங்கலாம். (அ − 1) என்பதைப் பத்தால் வகுத்து, மீதியை மட்டும் விதியில் இட வேண்டும். 23ஆம் அத்தியாயத்துக்கு, 22ஐப் பத்தால் வகுத்தால் மீதி 2; எனவே உ = 20 + 2 × 20 = 60 மி.மீ.

3, 13, 23 ஆகிய மூன்றும் ஒரே உயரத்தில் வந்துவிடுமே, குழப்பம் நேராதா? நேராது. புத்தகத்தின் தடிமனில் அவை வெவ்வேறு இடங்களில் உள்ளன. உயரம், தடிமன் ஆகிய இரண்டு அளவுகள் சேர்ந்து ஓர் இடத்தைத் தெளிவாகக் காட்டிவிடுகின்றன.

கணிப்பொறி தடுமாறும் இடங்கள்

விதி எழுதியதும் நம் பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை. முன்னுரைக்கு அத்தியாய எண் கிடையாது. எண்ணி அங்கே பூஜ்யத்தில் நிற்கும். விதியில் அ = 0 என இட்டால் உ = 0. குறி பக்கத்தின் மேல் மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும்! லேடெக்கில் பிற்சேர்க்கை தொடங்கியதும் எண்ணி மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். ஆகவே முதல் பிற்சேர்க்கை முதல் அத்தியாயத்தின் குறியைப் பெறும். எண்ணில்லாத சொல்லடைவுப் பக்கங்களோ தமக்கு முன் வந்த பகுதியின் குறியையே சுமந்துகொண்டு நிற்கும்.

அகராதியில் இன்னொரு சிக்கல் உண்டு. ஓர் எழுத்து முடிந்து அடுத்த எழுத்து அதே பக்கத்தின் நடுவில் தொடங்கலாம். அப்பக்கத்தில் எந்தக் குறியை இடுவது? இன்டிசைனில் பக்கத் தலைப்பை அமைக்கும்போது, பக்கத்தின் முதல் தலைப்பை எடுப்பதா, கடைசித் தலைப்பை எடுப்பதா என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். இந்த முடிவு மனிதன் எடுக்க வேண்டியது. கணிப்பொறி அதைப் பின்பற்றும், அவ்வளவே.

இரு வகைப் பிழைகள்

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஒழுங்கற்ற பிழை, முறையான பிழை என்ற இரண்டையும் படித்திருப்பீர்கள். கையால் வைக்கும் குறிகளில் வருவது முதல் வகை. அது எந்தப் பக்கத்தில் ஒளிந்திருக்கும் என்று சொல்ல இயலாது. முந்நூறு பக்கங்களையும் புரட்டத்தான் வேண்டும். விதியால் வருவது இரண்டாம் வகை. விதி தவறானால், அது பொருந்தும் இடமெல்லாம் ஒரே மாதிரி தவறும். ஆகவே எங்கே பார்க்க வேண்டும் என்பது நமக்கு முன்பே தெரியும்: முதல் அத்தியாயம், கடைசி அத்தியாயம், ஓர் ஒற்றைப்படைப் பக்கம், ஓர் இரட்டைப்படைப் பக்கம், முன்னுரை, பிற்சேர்க்கை, சொல்லடைவு. இந்த ஏழெட்டு இடங்களும் சரியாக இருந்தால் மற்றவற்றைப் பெரும்பாலும் நம்பலாம். கணிப்பொறியிடம் வேலையை ஒப்படைப்பதன் உண்மையான பயன் வேகத்தைவிட இதுவே எனலாம்.

செய்து பாருங்கள்

80 பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றில் 40 தாள்கள் இருக்கும். அவற்றை ஐந்து பாடங்களுக்கு எட்டெட்டாகப் பிரியுங்கள். பக்கத்தின் உயரத்தை அளந்து, மேலே சொன்ன விதிப்படி குறிகளின் இடத்தைக் கணக்கிடுங்கள். வண்ணப் பேனாவால் தாளின் நுனிவரை கட்டங்களைத் தீட்டுங்கள். ஒரு பாடத்துக்கு மட்டும் நுனிக்கு 2 மி.மீ. முன்பாகவே நிறுத்திவிடுங்கள். புத்தகத்தை மூடிப் பக்கவாட்டில் பாருங்கள். படிக்கட்டில் ஒரு படி காணாமற்போயிருக்கும்.

அடுத்து, ஆறாவதாக ஒரு பாடம் சேர்க்க வேண்டுமென்றால் எத்தனை கட்டங்களின் இடமோ அளவோ மாறும் என்று எண்ணிப் பாருங்கள். முதல் கட்டமும் தப்புமா?