களைப்பா, மனச்சோர்வா? பெண்களின் தட்டில் குறையும் 'பி' வைட்டமின்கள்

திருப்பதி: காலையில் எழும்போதே களைப்பு, எதிலும் நாட்டமின்மை, மறதி, காரணமின்றி வரும் எரிச்சல். இந்த அறிகுறிகளை மட்டும் வைத்து ஒரு பெண்ணுக்கு இருப்பது மனச்சோர்வா, ஊட்டச்சத்துக் குறைபாடா என்று பிரித்தறிவது கடினம். பல நேரங்களில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். ஆண்களைவிடப் பெண்களிடம் மனச்சோர்வு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அதிகம் என்கிறது உலக சுகாதார அமைப்பு. ஆந்திராவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 58.8 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதை 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு பதிவு செய்துள்ளது. இதற்கு இரும்புச்சத்துக் குறைவே முதன்மைக் காரணம் என்றாலும், ஃபோலேட், பி12 ஆகியவற்றின் குறைபாடும் ரத்தசோகையை உண்டாக்கும். இவ்விரு வைட்டமின்களும் மூளைக்கும் இன்றியமையாதவை.

மூளையில் இவற்றின் வேலை: மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனின் உருவாவதற்கு பி6 துணைநிற்கிறது. ஃபோலேட்டும் பி12-ம் இணைந்து ஹோமோசிஸ்டீன் என்ற பொருளை மெத்தியோனினாக மாற்றுகின்றன. இந்தப் பணி தடைபட்டால் ஹோமோசிஸ்டீன் ரத்தத்தில் தேங்கும். நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்களின் உருவாக்கமும் பாதிக்கப்படும்.

ஃபோலேட்டின் கதை தொடங்கியதே இந்தியப் பெண்களிடம்தான். 1928-ல் பம்பாய்க்கு வந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், ஆலைத் தொழிலாளர்களான ஏழைக் கர்ப்பிணிகளிடம் கடும் ரத்தசோகையைக் கண்டார். ஈஸ்ட் சாறான மார்மைட் கொடுத்தபோது அவர்கள் தேறினர். அவரது ஆய்வு சென்னை கோஷா மருத்துவமனையிலும் தொடர்ந்தது. அந்தச் சாற்றிலிருந்த பொருளுக்கு ஃபோலிக் அமிலம் என்ற பெயர் வந்தது 1941-ல்தான். பெண்ணின் உடல்நலக் குறைக்கு அவளது தட்டிலேயே விடை தேடிய ஆய்வு அது.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சுமார் 1,370 முதியவர்களை மூன்றாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், உணவின் வழியே அதிக பி6 பெற்ற பெண்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு 43 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் அவர்கள் உண்ட மொத்த உணவின் ஆற்றலையும் கணக்கில் எடுத்தபோது அந்தத் தொடர்பு வலுவிழந்தது. ஒற்றை வைட்டமினை மட்டும் பார்ப்பதைவிட, அந்தப் பெண் வயிறார உண்டாளா என்று கேட்பதே பொருத்தம் என்பதை இது உணர்த்துகிறது. எல்லோரும் உண்டபின் மிச்சத்தை உண்ணும் வழக்கமுள்ள வீடுகளில் இக்கேள்விக்கு எடை அதிகம்.

ராயலசீமையின் ராகி சங்கடி, வேர்க்கடலைச் சட்னி, புளிச்சக்கீரை, பருப்பு ஆகியவை பி வைட்டமின்கள் நிறைந்த பழைய சேர்க்கை. தீட்டிய வெள்ளை அரிசியில் தவிட்டோடு பி1, பி6 பெருமளவு போய்விடுகின்றன. சோற்றை வடித்தால் எஞ்சியதும் கஞ்சியோடு வெளியேறும். பி12 நிலை வேறு: தாவர உணவில் அது இல்லை. சைவ உணவு உண்போருக்குப் பாலும் தயிருமே வழி. சித்தூர் பால் உற்பத்திக்குப் பெயர்பெற்ற பகுதி; ஆனால் கறந்த பால் முழுவதையும் விற்றுவிடும் வீட்டில் அந்த வழியும் அடைபடும். வயதுவந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 2.2 மைக்ரோகிராம் பி12, 220 மைக்ரோகிராம் ஃபோலேட் தேவை என ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் பரிந்துரைத்தது.

ரேஷன் கடைகளுக்கு வந்த செறிவூட்டப்பட்ட அரிசியில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றும் சேர்க்கப்பட்டன. அதைப் 'பிளாஸ்டிக் அரிசி' என்று நம்பிப் பொறுக்கி எறிந்தவர்கள் உண்டு. அப்படி எறியப்பட்டவைதான் சத்து நிறைந்த மணிகள்.

மாத்திரை போதுமா: பி வைட்டமின் மாத்திரைகள் மனச்சோர்வைக் குணப்படுத்துமா என்று பார்த்த சோதனைகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. எனவே மருந்துக்கடையில் 'பி காம்ப்ளக்ஸ்' வாங்கி விழுங்குவது சிகிச்சை ஆகாது. பி12 குறைந்திருக்கும்போது ஃபோலிக் அமிலத்தை மட்டும் உட்கொண்டால் ரத்தசோகை சரியாகிவிட்டதுபோல் தோன்றும். நரம்புப் பாதிப்போ தொடரும். நீரிழிவுக்கு நெடுநாள் மெட்ஃபார்மின் உட்கொள்பவர்களுக்கும் பி12 குறையக்கூடும். கை, கால் மரத்துப்போதல் இருந்தால் ரத்தப் பரிசோதனை அவசியம். மனச்சோர்வுக்கு ஏற்கனவே மருந்து எடுப்பவர்கள், வைட்டமினை நம்பி அதை நிறுத்தக்கூடாது.

துயரமும் நாட்டமின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை அணுக வேண்டும். மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416-ல் தமிழிலும் தெலுங்கிலும் எந்நேரமும் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.