கசடும் காற்றும்

நகரத் தூய்மை குறித்துப் பேசுவோர் பெரும்பாலும் நீரோடு நின்றுவிடுகின்றனர். சாக்கடை நீர் குழாய்வழிச் சென்று, சுத்திகரிக்கப்பெற்று, தெளிந்து வெளிவருமாயின் கடமை முடிந்தது எனக் கருதுகின்றனர். நீரினின்று பிரிந்த அழுக்கு எங்கே போயிற்று என்று கேட்பார் சிலரே. அதன் ஒரு பகுதி கசடாகக் கீழே தங்குகிறது. மற்றொரு பகுதி வாயுவாக மேலே செல்கிறது. கண்ணுக்குப் புலனாகாத அவ்வாயுக்களையும் கணக்கிற் கொண்டாலன்றித் தூய்மை முழுமை பெறாது.

வாயுக்கள் பிறக்கும் வகை

1914ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்னும் இருவர், கழிவுநீரினுள் காற்றைச் செலுத்தி நுண்ணுயிரிகளைப் பெருக்கி அழுக்கை அகற்றும் முறையை வெளியிட்டனர். உலகின் பெருநகரங்கள் பல இன்றும் இம்முறையையே மேற்கொள்கின்றன. இத்தொட்டிகளில் எழும் கரியமில வாயு பெரும்பாலும் நாம் உண்ட உணவினின்று வருவது. பயிர்கள் காற்றிலிருந்து முன்னர்க் கவர்ந்ததே மீள்கிறது. ஆதலின் அதனைப் புவி வெப்பக் கணக்கில் சேர்ப்பதில்லை. எனினும், காற்றூதும் எந்திரங்களுக்குரிய மின்சாரம் நிலக்கரியிற் பிறந்ததாயின், அந்நிலக்கரியின் புகை கணக்கில் சேரும்.

காற்றுப் புகாத இடங்களில் அழுக்கு நொதித்து மீத்தேன் பிறக்கிறது. கழிவுநீரின் அம்மோனியாவை நுண்ணுயிரிகள் படிப்படியாக நைட்ரசனாக மாற்றும்போது, காற்று குறைந்தாலோ, வரும் சுமை திடீரென மிகுந்தாலோ, மாற்றம் இடைவழியில் தடைப்பட்டு நைட்ரஸ் ஆக்சைடு வெளிப்படுகிறது. நூறாண்டுக் கணக்கில் நோக்கின், சம எடையுள்ள கரியமில வாயுவைவிட மீத்தேன் ஏறத்தாழ 27 மடங்கும், நைட்ரஸ் ஆக்சைடு 273 மடங்கும் வெப்பம் விளைவிப்பன என்பது பன்னாட்டுக் காலநிலைக் குழுவின் 2021ஆம் ஆண்டு அறிக்கை தரும் அளவாகும்.

சிறிதென இகழலாகாது

அக்குழு 2019இல் வகுத்த கணக்கீட்டின்படி, நிலையத்திற்கு வரும் 100 கிலோ நைட்ரசனில் 1.6 கிலோ நைட்ரஸ் ஆக்சைடாக மாறுவதாகக் கொள்ளலாம். அவ்வாயுவின் எடை ஏறத்தாழ 2.5 கிலோ. வெப்ப விளைவிலோ அஃது 690 கிலோ அளவான கரியமில வாயுவிற்கு நிகராகும்! பின்லாந்தின் ஹெல்சின்கி நகரிலுள்ள வீகின்மாகி நிலையம் பாறையைக் குடைந்து அமைக்கப்பெற்றது. ஆதலின் அங்கு வெளியேறும் காற்றை ஒருசேர அளந்தறிய முடிகிறது. நிலையத்தினின்று நேரடியாக எழும் வெப்ப வாயுக்களுள் நைட்ரஸ் ஆக்சைடே முதன்மையானது என அவ்வளவீடுகள் காட்டின.

கசடின் கதி

கசடு என்னும் சொல் தமிழில் அழுக்கையும் குற்றத்தையும் ஒருங்கே குறிக்கும். இக்கசடையும் கையாளும் முறையே குற்றமாக்குகிறது. பிரிட்டன் 1998ஆம் ஆண்டு முடியும் வரை அதனைக் கடலிற் கொட்டிவந்தது. குப்பைமேட்டிற் புதைப்பின் அது மீத்தேனாக வெளிப்படும். ஈரக் கசடை எரிப்பின் எரிபொருள் செலவாகும். வயலுக்கு உரமாக இடலாம்; ஆனால் ஆலைக்கழிவின் உலோகங்கள் கலவாதிருத்தல் வேண்டும்.

மூடிய கலன்களில் கசடை நொதிக்கச் செய்து, மீத்தேனைச் சேர்த்து எரித்தல் சிறந்த வழியாகும். சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி நிலையங்களில் இவ்வாறு மின்சாரம் ஆக்கும் எந்திரங்கள் நிறுவப்பெற்றமை ஈண்டு நினையத்தக்கது. ஆயினும், கலனில் விரிசல் இருப்பினும், நொதித்தல் முற்றுமுன் கசடைத் திறந்தவெளியில் பரப்பினும், சேர்த்த பயன் காற்றோடு போய்விடும்.

அங்ஙனமாயின் சுத்திகரியாது விடுதலே நன்றோ எனின், அன்று. தேங்கிய சாக்கடையில் எழும் குமிழிகளும் மீத்தேனே. அதனைப் பிடித்துப் பயன்கொள்வார் அங்கு எவருமில்லை. நோயும் உடன் பரவும். எனவே நாம் வேண்டுவது சுத்திகரிப்பைக் குறைத்தலன்று. அதனைச் செம்மையுறச் செய்தலே. காற்றை அளவறிந்து செலுத்துதலும், கலன்களைக் கசிவின்றிக் காத்தலும், வாயுக்களை முறையாக அளத்தலும் இன்றியமையாதன. நீரைத் தூய்மை செய்யும் பணி வானை மாசுபடுத்தும் பணியாகிவிடாமற் காப்பது நம் தலைமுறையின் கடன்.